எந்த மாசத்துக்குக் கேக்குறீங்க டீச்சர்?

சென்ற கல்வியாண்டில் எட்டாம் வகுப்புக்கு ஒரு சிறுதேர்வு வைத்தேன். நீர்வாழ் உயிரிகள் பற்றிய பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. பாடநூல் வினாக்களோடு நானாக ஒரு வினாவையும் சேர்த்தேன்: ‘ஓர் ஆற்றில் மீன்கள் வாழ எவ்வளவு நீர் ஓட வேண்டும்?’ ஆற்றின் ஆண்டுச் சராசரி நீரோட்டத்தில் குறைந்தது பத்து விழுக்காடு வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். பெரும்பாலான பிள்ளைகள் அதையே எழுதினார்கள். முழு மதிப்பெண் கொடுத்தேன்.

கடைசி வரிசையில் உட்காரும் ஒரு மாணவன் மட்டும் ஒரே வரி எழுதியிருந்தான். ‘எந்த மாசத்துக்குக் கேக்குறீங்க டீச்சர்?’

கிண்டல் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டு சுழியம் போட்டேன். தேர்வுத்தாளில் பேச்சு வழக்கில் எழுதியதற்காகச் சிவப்பு மையில் ஓர் அடிக்கோடும் போட்டேன். அந்தச் சுழியம் தவறு என்று புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் நான் கற்றதையும், பிறகு வகுப்பில் செய்ததையும் ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

தாத்தா நடத்திய பாடம்

எங்கள் பள்ளி மேட்டூர் அணைக்குக் கீழே, காவிரிக் கரையில் இருக்கிறது. அந்த மாணவனின் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பரிசலும் வலையும்தான் பிழைப்பு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவனுடைய தாத்தா வந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் விடைத்தாளைக் காட்டினேன். பேரன் குறும்பு செய்கிறான் என்று சொல்லத்தான் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார்.

“பையன் சரியாத்தானுங்க கேட்டிருக்கான். தண்ணி இருந்தா மட்டும் போதாதுங்க டீச்சர். அது எப்ப வருது, எப்படி எறங்குதுன்னு பாக்கணும்ங்க. சித்திரையில மடுவுல தண்ணி நின்னாப் போதும், மீன் உசுரோட கெடக்கும். புதுத்தண்ணி வந்தாத்தான் சினை மீன் மேல ஏறும். ஏறுன பொறவு தண்ணிய டக்குனு நிறுத்திப்புட்டா, குஞ்செல்லாம் பாறைக் குழியில மாட்டிக் காஞ்சு போகும்ங்க.”

ஆற்றின் நீர்த்தேவை பற்றி அறிவியலாளர்கள் விரிவாக எழுதுவதன் சாரம் இந்த நான்கைந்து வாக்கியங்களில் இருக்கிறது. அன்று எனக்கு அது தெரியாது. வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

பத்து விழுக்காடு எங்கிருந்து வந்தது?

நான் வகுப்பில் சொன்ன ‘பத்து விழுக்காடு’ அமெரிக்காவில் டென்னன்ட் என்ற மீன்வள அறிஞர் 1976-இல் வெளியிட்ட முறையிலிருந்து வந்தது. மொன்டானா, வயோமிங், நெப்ராஸ்கா மாநிலங்களின் ஓடைகளைப் பல ஆண்டுகள் பார்த்து அவர் ஒரு வழிகாட்டி அளவைச் சொன்னார். ஆண்டுச் சராசரி நீரோட்டத்தில் 10 விழுக்காடு இருந்தால் பெரும்பாலான உயிர்கள் கொஞ்ச காலத்துக்குத் தாக்குப்பிடிக்கும். 30 விழுக்காடு இருந்தால் நன்றாக வாழும். 60 விழுக்காடு இருந்தால் மிகச் சிறப்பாக இருக்கும். அதாவது, அவருடைய 10 விழுக்காடு என்பது உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் அளவு. அதைத்தான் நான் ‘வாழ வேண்டிய அளவு’ என்று கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த ஓடைகளின் நீர்ச்சுழற்சி பனி உருகலை ஒட்டியது. நம் ஆறுகள் பருவமழையை ஒட்டியவை. நம்முடைய கெண்டை, கெளுத்தி, விரால், ஆரல், அயிரை எல்லாம் வெப்பநீர் மீன்கள். நீலகிரிக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்த ட்ரவுட் மீனுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். நம் மீன்களுக்கு அப்படியில்லை. வெதுவெதுப்பான நீரும், மழைக்காலத்தில் திடீரென உயரும் புது வெள்ளமும்தான் பெரும்பாலான கெண்டை இனங்களுக்கு இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டதைச் சொல்லும் அடையாளங்கள்.

வெப்பநீர் மீன் என்றால் எந்த வெப்பத்தையும் தாங்கும் என்று பொருளல்ல. நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமாகிவிடும். ஆழமில்லாமல் தேங்கிய கோடைக்கால நீர் சீக்கிரம் சூடேறும். தாத்தா சொன்ன ‘மடு’ ஆழமாக இருப்பதால்தான் மீன் அங்கே ஒதுங்குகிறது.

ஆகவே, ஒரு மீனுக்கு எவ்வளவு நீர் தேவை என்று முடிவுசெய்ய ஐந்து கேள்விகளுக்கு விடை வேண்டும். எவ்வளவு நீர்? எந்தக் காலத்தில்? எத்தனை நாளுக்கு? எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது? என்ன வெப்பநிலையில்? நான் முதல் கேள்வியை மட்டும் கேட்டேன். என் மாணவன் இரண்டாவதைக் கேட்டான்.

பச்சை ஆறு கற்றுக்கொண்ட பாடம்

உள்ளூர் வெப்பநீர் மீன்களுக்காக அணையிலிருந்து நீர் திறக்கும் முறையை நீண்ட காலமாக ஆராய்ந்து மாற்றிவரும் இடங்களில் ஒன்று அமெரிக்காவின் கிரீன் ஆறு. கொலராடோ ஆற்றின் பெரிய கிளை அது. பெயரை வைத்துப் ‘பச்சை ஆறு’ என்றே வகுப்பில் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. அந்தக் கதையில் நம் ஐந்து கேள்விகளும் வருகின்றன.

யூட்டா மாநிலத்தில் அந்த ஆற்றின் குறுக்கே ஃபிளேமிங் கார்ஜ் அணை 1960-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. 1962-இல், அணையில் நீர் தேங்குவதற்கு முன்பு, ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றிலும் அதன் கிளைகளிலும் ரோட்டினோன் என்ற மீன்கொல்லி மருந்தை அரசு அமைப்புகளே ஊற்றின. அங்கே காலங்காலமாக வாழ்ந்த மீன்களை அப்போது பயனற்ற மீன்கள் என்று நினைத்தார்கள். அவற்றை ஒழித்துவிட்டுத் தூண்டில் பிரியர்களுக்காக ட்ரவுட் வளர்ப்பது திட்டம். ஆனால் அந்த ஆற்று மீன்களில் பல உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஆளுயரத்துக்கு வளரக்கூடிய கொலராடோ பைக்மின்னோ அவற்றில் ஒன்று. முதுகில் கத்திமுனை போன்ற மேடு கொண்ட ரேசர்பேக் சக்கர் இன்னொன்று.

மருந்தின் வேகம் அடங்கிய பிறகும் அணை வேறு விதத்தில் பாதித்தது. நீர்த்தேக்கத்தின் அடியாழத்திலிருந்து குளிர்ந்த நீர் திறக்கப்பட்டது. வெப்பநீர் மீன்கள் அணைக்குக் கீழே நெடுந்தொலைவுக்கு இனப்பெருக்கம் செய்ய முடியாமல் போயின. 1978-இல் அணையில் ஓர் அமைப்பைப் பொருத்தினார்கள். தேக்கத்தின் மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீரையும் அதன் மூலம் எடுத்துவிட முடிந்தது. வெப்பநிலைக் கேள்விக்கு அப்படி ஒரு விடை கிடைத்தது.

அடுத்தது அளவு. 2000-ஆம் ஆண்டு வெளியான அறிவியல் பரிந்துரை, பனி உருகும் வசந்தகாலத்தில் ஆற்றின் நடுப்பகுதியில் வினாடிக்கு ஏறத்தாழ 18,600 கன அடி நீர் ஓட வேண்டும் என்றது. அந்த அளவை எட்டினால்தான் ஆறு கரையைத் தாண்டி வெள்ளச் சமவெளியின் குட்டைகளுக்குள் புகும். ரேசர்பேக் குஞ்சுகளுக்கு அந்தக் குட்டைகளே தொட்டில். அங்கே நீர் வெதுவெதுப்பாக இருக்கும், இரையும் நிறைய இருக்கும்.

அளவு தெரிந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. அணைக்குக் கீழே யாம்பா என்ற கிளையாறு வந்து சேர்கிறது. அதில் பெரிய அணைகள் இல்லை. யாம்பாவில் வெள்ளம் உச்சத்தைத் தொடும் நாளைப் பார்த்து அணையைத் திறந்தார்கள். இரண்டும் சேர்ந்தால் அதிக நீர் கிடைக்கும் என்பது கணக்கு. நீர் குட்டைகளுக்குள் போகவும் செய்தது. ஆனால் முட்டை பொரிந்து குஞ்சுகள் ஆற்றில் மிதந்து வருவதற்குள் வெள்ளம் வடியத் தொடங்கிவிடும். அளவு சரியாக இருந்தது. தேதி தவறாக இருந்தது.

2012-இல் வழியை மாற்றினார்கள். தேதியை முடிவுசெய்யும் பொறுப்பை மீன்குஞ்சுகளிடமே விட்டார்கள். வசந்தகால இரவுகளில் ஆற்றோரத்தில் விளக்குப் பொறி வைப்பார்கள். ஒரு சிறு பெட்டி, அதற்குள் ஒரு விளக்கு, அவ்வளவுதான். ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி உள்ளே வரும். முதல் ரேசர்பேக் குஞ்சு பொறியில் அகப்பட்டதும் அணைக்குத் தகவல் போகும். அதன் பிறகுதான் பெரிய அளவில் நீர் திறப்பார்கள். 2013-இல் ஸ்டூவர்ட் ஏரி என்ற குட்டையில், ஆற்றிலேயே பிறந்து அங்கேயே வளர்ந்த நூற்றுக்கணக்கான இளம் ரேசர்பேக்குகள் கிடைத்தன.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடக் கூடாது. வெளியிலிருந்து வந்த மீன்கள் குஞ்சுகளைத் தின்கின்றன. பண்ணைகளில் வளர்த்து ஆற்றில் விடுவதையும் இன்னும் நிறுத்த முடியவில்லை. ஆனாலும், கூடுதலாக ஒரு சொட்டு நீர் இல்லாமல், திறக்கும் நாளை மாற்றியதாலேயே குஞ்சுகள் பிழைத்தன என்பதைக் கேட்டதும் வகுப்பு அமைதியானது. கடைசி வரிசையை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

செயல்பாடு 1: ஓடையில் நீரோட்டத்தை அளத்தல்

முதலில் ஓர் எச்சரிக்கை. காவிரி போன்ற ஆற்றில் மாணவர்களை இறக்கவே கூடாது. சுழல்களும் மணல் குழிகளும் உண்டு. அணையிலோ கதவணையிலோ திறக்கும் நீர் சொல்லாமல் வந்து சேரும். கணுக்கால் அல்லது முழங்கால் அளவு நீர் ஓடும் சிறு ஓடையையோ கிளை வாய்க்காலையோ தேர்ந்தெடுங்கள். தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல், கூடவே பெரியவர்கள் இருவர் கட்டாயம் வேண்டும்.

தேவையானவை அளவு நாடா, மீட்டர் அளவுகோல், கைக்கடிகாரம், ஓர் ஆரஞ்சுப் பழம். ஆரஞ்சு பாதி மூழ்கி மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது.

ஓடையின் அகலத்தை அளக்க வேண்டும். அரை மீட்டருக்கு ஓர் இடத்தில் ஆழம் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். பிறகு 10 மீட்டர் தூரத்தை ஆரஞ்சு எத்தனை வினாடியில் கடக்கிறது என்று மூன்று முறை பார்க்க வேண்டும். கரும்பலகைக்கு எளிதான எண்களில் ஓர் எடுத்துக்காட்டு: அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 0.25 மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 1 சதுர மீட்டர். 10 மீட்டரை 25 வினாடியில் கடந்தால் வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதால் அதை 0.85 ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது 0.34. எனவே நீரோட்டம் வினாடிக்கு 0.34 கன மீட்டர். அதாவது 340 லிட்டர், அல்லது ஏறத்தாழ 12 கன அடி.

‘அணையிலிருந்து வினாடிக்கு ஆயிரம் கன அடி திறப்பு’ என்று செய்தியில் கேட்கும்போது அது எவ்வளவு என்று அன்றுவரை என் மாணவர்களுக்குத் தெரியாது. இப்போது ‘நம்ம ஓடை மாதிரி எண்பத்து மூணு ஓடை’ என்று சொல்கிறார்கள்.

செயல்பாடு 2: ஈரச் சுற்றளவு

ஆற்றின் நீர்த்தேவையைக் கணிக்கும் முறைகளில் வரைபடத்தாளிலேயே செய்து பார்க்கக்கூடியது இது. ஓடையின் குறுக்குவெட்டை வரையச் சொல்லுங்கள். நீர்மட்டம் ஒவ்வொரு நிலையில் இருக்கும்போதும் தரையின் எவ்வளவு நீளம் நனைந்திருக்கிறது என்பதை நூல் வைத்து அளக்க வேண்டும். அதுவே ஈரச் சுற்றளவு.

நான் பயிற்சிக்காக எடுத்துக்கொண்ட அளவுகள் இவை. ஆழம் 10 செ.மீ. என்றால் நனையும் நீளம் 2 மீட்டர், 20 செ.மீ. என்றால் 5 மீட்டர், 30 செ.மீ. என்றால் 6 மீட்டர், 40 செ.மீ. என்றால் 6.4 மீட்டர், 50 செ.மீ. என்றால் 6.7 மீட்டர். நீர் 50-இலிருந்து 30 செ.மீ.க்கு இறங்கும்போது 0.7 மீட்டர் தரைதான் காய்கிறது. 30-இலிருந்து 10 செ.மீ.க்கு இறங்கும்போது 4 மீட்டர் காய்ந்துவிடுகிறது. இரண்டு முறையும் இறங்கியது அதே 20 செ.மீ. வரைபடத்தில் கோடு எங்கே சட்டென வளைகிறது என்று பிள்ளைகளே விரல் வைத்துக் காட்டுவார்கள்.

நனைந்த கூழாங்கற்களில்தான் பாசியும் நீர்ப்பூச்சிகளும் வாழ்கின்றன. அவை மீனுக்கு இரை. அதனால் வளைவுப் புள்ளிக்குக் கீழே நீரைக் குறைக்கக் கூடாது என்பது இந்த முறையின் தர்க்கம். இதை ஆழமான இடத்தில் செய்தால் பயனில்லை. ஆறு மிகவும் ஆழம் குறைந்து கற்களின்மேல் ஓடும் இடத்தில் செய்ய வேண்டும். முதலில் காய்வது அந்த இடம்தான். அது காய்ந்தால் மேலேயும் கீழேயும் உள்ள மடுக்களுக்கு இடையே மீன் போக வழியில்லை.

செயல்பாடு 3: மீன் நாட்காட்டி

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இதைச் செய்யலாம். பெரிய தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டுத் தமிழ் மாதங்களை எழுதுங்கள். வீட்டிலும் சந்தையிலும் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். எந்த மாதம் எந்த மீன் கிடைக்கும்? எப்போது சினையோடு இருக்கும்? எப்போது குஞ்சுகள் தெரியும்? சிறு பிள்ளைகள் படம் வரையட்டும். பெரியவர்கள் குறிப்பு எழுதட்டும்.

எங்கள் வகுப்பு நாட்காட்டியில் கோடை மாதங்களில் ‘மடு’ என்று எழுதியிருந்தது. ஆனி, ஆடியில் ‘புதுத்தண்ணி, மீன் ஏறும்’ என்று இருந்தது. அதன் பிறகு ‘கரையோரம் குஞ்சு’. ஆடிப்பெருக்கு ஏன் அந்த நாளில் வருகிறது என்று ஒரு மாணவி தானாகவே சொன்னாள். நாம் கும்பிடும் புதுவெள்ளமும் மீன் காத்திருக்கும் வெள்ளமும் ஒன்றுதான்.

மீனுக்கு மீன் தேவை மாறும் என்பதும் இந்தத் தாளில் தெரியும். விரால் செடி அடர்ந்த ஓட்டமில்லாத ஓரத்தில் கூடு கட்டித் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும். காவிரிப் படுகைக்கு மட்டுமே உரிய கூனல்முதுகு மகசீருக்கு ஓடும் நீர் வேண்டும். 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடிய இந்த மீன் 2018-இல் உலக அளவில் மிகவும் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பவானியின் கிளையாறான மோயாற்றில் அது இன்னும் இருக்கிறது. அணைகள், வெடி வைத்துப் பிடித்தல், மணல் அள்ளுதல், வேறு ஆற்று மகசீரைக் கொண்டுவந்து விட்டது என்று அதன் நலிவுக்குப் பல காரணங்கள் உண்டு.

இங்கே ஒரு கவனம் தேவை. ‘ஆத்துல விரால் கெடைக்குது டீச்சர், அப்போ ஆறு நல்லாத்தான இருக்கு?’ என்று ஒரு மாணவன் கேட்டான். விரால் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கக் கூடிய மீன். ஆக்சிஜன் குறைந்த குட்டையிலும் அது பிழைத்துக்கொள்ளும். ஓடும் நீரையே நம்பி வாழும் மீன் இருக்கிறதா என்று பார்ப்பதே ஆற்றின் நலத்தை அறியும் வழி.

செயல்பாடு 4: காவிரி அட்டவணையும் சராசரி என்ற பொறியும்

கணிதமும் சமூக அறிவியலும் சேரும் இடம் இது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பில், மொத்தம் 740 டி.எம்.சி. நீரில் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கென ஒதுக்கப்பட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் பங்கீட்டை மாற்றியபோதும் அந்த 10 டி.எம்.சி. அப்படியே இருந்தது. பிலிகுண்டுலுவில் மாதந்தோறும் வர வேண்டிய நீரின் அட்டவணை, டி.எம்.சி. கணக்கில் இது: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5. மொத்தம் 177.25.

முதல் கணக்கு: மாதச் சராசரி என்ன? 14.77. எந்த மாதம் அதற்கு அருகில் இருக்கிறது? நவம்பர் மட்டும்தான். மற்ற பதினொரு மாதங்களிலும் ஆறு சராசரியாக இல்லை. பத்து விழுக்காடு என்று நான் சொன்னபோது எந்த ஆற்றை நினைத்துச் சொன்னேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். (இது பங்கீட்டு அட்டவணை. டென்னன்ட் முறைக்கு அணைகள் இல்லாத இயற்கை நீரோட்டத்தின் சராசரி வேண்டும். எனவே இந்த எண்ணை வைத்து மீனுக்குப் போதும், போதாது என்று முடிவுகட்ட வேண்டாம்.)

இரண்டாவது கணக்கு: ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. 10 டி.எம்.சி.யை ஆண்டு முழுவதும் சமமாக விட்டால் வினாடிக்கு எவ்வளவு? ஏறத்தாழ 317 கன அடி. பிப்ரவரி முதல் மே வரை 120 நாளில் விட்டால்? ஏறத்தாழ 965 கன அடி. பத்தே நாளில் விட்டால்? ஏறத்தாழ 11,574 கன அடி. நீர் ஒன்றுதான். முதலாவது ஆண்டெல்லாம் கசியும் ஓட்டம். இரண்டாவது கோடையில் மடுக்களைக் காக்கும் ஓட்டம். மூன்றாவது மீனை ஏறச் சொல்லும் வெள்ளம். ஒரே அளவு நீரை மூன்றுக்கும் செலவழிக்க முடியாது. எதற்கு எவ்வளவு என்று பிரிக்க மீன் நாட்காட்டி வேண்டும்.

மூன்றாவது ஒரு கேள்வி. பிலிகுண்டுலு மேட்டூர் அணைக்கு மேலே இருக்கிறது. எங்கள் ஊர் அணைக்குக் கீழே. மேட்டூரிலிருந்து டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை நீர் திறக்கப்படுகிறது. அது நெல்லின் நாட்காட்டி. அதன் மேல் மீன் நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது?

இந்தக் கட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து மறுபடியும் ஒரு குரல் வந்தது. “மீனுக்குத் தண்ணி விட்டா நெல்லுக்குப் பத்தாமப் போயிருமே டீச்சர்?” மீன் பிடித்துப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளை கேட்ட கேள்வி அது.

நான் விடை சொல்லவில்லை. வகுப்பை உழவர், மீனவர், குடிநீர் வாரியம், மின்வாரியம், மீன் என்று ஐந்து குழுவாகப் பிரித்தேன். பத்து நிமிட வாதத்துக்குப் பிறகு ‘மீன்’ குழு ஒரு யோசனை சொன்னது. கூடுதல் நீர் கேட்க மாட்டோம். பாசனத்துக்குத் திறப்பதை நிறுத்தும்போது ஒரே நாளில் நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் குஞ்சுகள் குழிகளில் மாட்டாது. ‘உழவர்’ குழு அதை ஏற்றுக்கொண்டது. நிஜ உலகில் பேச்சு இவ்வளவு எளிதில் முடியாது. ஆனால் நீர் கேட்பதைத் தவிர வேறு கேள்விகளும் கேட்கலாம் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள்.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

நீரின் வெப்பநிலையை ஆய்வக வெப்பமானி கொண்டு பிற்பகல் இரண்டு மணிக்கு ஆழமில்லாத இடத்திலும் நிழல் விழும் ஆழமான இடத்திலும் பாருங்கள். வேறுபாடே பாடம். மாதம் ஒரு முறை ஒரே இடத்தில் அளந்து சுவரில் ஒட்டிவந்தால் ஆண்டு முடிவில் உங்கள் ஓடையின் நீர்வரைபடம் கிடைத்துவிடும். ஆறில்லாத ஊரில் ஏரி வரத்து வாய்க்காலைப் பாருங்கள். மழைக்கு ஏரிக்குள் மீன் ஏறுவதைப் பார்த்த பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மீன்பிடிக் குடும்பத்துப் பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அன்று நாம் கரும்பலகையில் குறிப்பு எழுதினால் போதும்.

விடைத்தாளுக்குத் திரும்புகிறேன். மதிப்பெண் பதிவேட்டில் அந்தச் சுழியத்தை அடித்து, முழு மதிப்பெண் எழுதி, பக்கத்தில் கையொப்பமிட்டேன். ஏன் மாற்றினேன் என்பதை வகுப்பு முழுவதற்கும் சொன்னேன். பத்து விழுக்காடு என்று எழுதியவர்களின் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. அவர்கள் எழுதியது நான் கற்றுக்கொடுத்தது.

இந்த ஆண்டும் அதே வினாவைக் கேட்டேன், கொஞ்சம் மாற்றி: ‘உங்கள் ஊர் ஆற்றில் ஒரு மீனைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு எந்த மாதத்தில், எப்படிப்பட்ட நீரோட்டம் தேவை? ஏன்?’ விடைத்தாள்களைத் திருத்த முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. ஒரு தாளைப் போல் இன்னொரு தாள் இல்லை.